யுடிஐடி அட்டை இருந்தாலே மாதாமாதம் பணம் வருமா?

“மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி (தனித்துவ அடையாள) அட்டை எடுத்துவிட்டால் உதவித்தொகை தானாக வங்கிக் கணக்கில் விழும், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே பொய்.

முதலில் காசு விஷயம். இந்த அட்டைக்கான அரசு இணையதளமான ஸ்வாவ்லம்பனில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. பணம் கேட்பவர் அரசு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அட்டை என்பது அடையாளம், உதவித்தொகை உத்தரவு இல்லை. மருத்துவப் பரிசோதனையில் குறைபாட்டின் அளவைக் கணக்கிட்டு, 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டையில் நிறம் போடுகிறார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தாலும், இடஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும், ஆகவே வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது.

மாத உதவித்தொகைக்கு விதிகள் தனி, விண்ணப்பமும் தனி. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு, வறுமைக் கோட்டுக்குக் கீழான குடும்பம், வயது 18 முதல் 79 வரை. இத்தனையும் பொருந்தினால் மத்திய அரசின் பங்கு மாதம் வெறும் 300 ரூபாய் (ஆமாம், முந்நூறுதான்!), அதற்கு மேல் பல மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டின் பராமரிப்பு உதவித்தொகை வேறு திட்டம், அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்கு ஆதார் நகலையோ ஓடிபியையோ அனுப்பாதீர்கள்.