ஐந்தாம் மாதத்தில் கியோட்டோ போனோம்

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு வளைகாப்பு. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் சித்தி மகள், "அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர் போயிட்டு வரலாம்னு இருக்கோம்" என்று சொன்னாள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். பாயசம் வருவதற்குள் ஏழெட்டுப் பேர் பிடித்துக்கொண்டார்கள். "வாயும் வயிறுமா இருக்கிறப்ப ஊர் சுத்தணுமா?" "பிள்ளை பொறந்ததும் போனா ஆகாதா, சிங்கப்பூர் எங்க ஓடிப்போகுது?" "இந்தக் காலத்து மாப்பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்ல." அவள் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு இலை தள்ளி என் அம்மா இருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு மனசு ஆறவே இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே பேச்சையெல்லாம் நானும் கேட்டேன். அதனால் என் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். இந்த நேரத்தில் பயணம் போகலாமா என்று தவிக்கிற யாருக்காவது உதவட்டும்.

ஜப்பான் போக வேண்டும் என்று நானும் இவரும் இரண்டு வருஷமாகப் பணம் சேர்த்தோம். ஜூலையில் டிக்கெட் போட்டோம், நவம்பர் கடைசியில் பயணம். ஆகஸ்ட் முதல் வாரம் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. தலைச்சன் பிள்ளை. சந்தோஷத்தில் முதல் இரண்டு நாள் டிக்கெட் ஞாபகமே வரவில்லை. அப்புறம் மசக்கை. மூன்று மாதம் சோறு வேகும் வாசனையே ஆகாது. இதில் ஜப்பானாவது ஒன்றாவது என்று விட்டிருந்தோம். நான்காம் மாதம் வாந்தி நின்றதும் பழைய ஆசை திரும்பி வந்தது.

அம்மாவிடம் சொன்னபோது, "டிக்கெட்டைக் கிழிச்சுப் போடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குரல் நடுங்கியது. அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு அந்த விஷயமே தெரிந்தது. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை தங்கியிருக்கிறது. மூன்றாம் மாதம் திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்திருக்கிறார்கள். மறுவாரம் கலைந்துவிட்டது. "பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கிப் போச்சு" என்று வீட்டில் யாரோ சொன்னதை அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாகத் தன் குற்றமாகவே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்கப் போனபோது அம்மாவையும் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பயணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அம்மா அந்த ராமேஸ்வரம் கதையைச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். முதல் மூன்று மாதத்தில் கலைகிற கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதிக்குக் கருவிலேயே குரோமோசோம் கோளாறு இருக்கும், பஸ் குலுங்குவதால் எல்லாம் பிள்ளை கலையாது, "நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மாடிப்படி இறங்கும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா" என்றார்.

பெரியவர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போன காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பயத்தை அப்படியே பெண்ணின் தலையில் ஏற்றி வைத்தால், நாளைக்குத் தற்செயலாக ஏதாவது நடந்தாலும் அவள் ஆயுசு முழுக்கத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். என் அம்மா இருந்த மாதிரி.

போகலாமா வேண்டாமா என்பதைச் சொல்ல வேண்டியவர் உங்களைப் பார்க்கிற டாக்டர் ஒருவர்தான். என் டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று பார்த்தார், ரத்தப்போக்கு உண்டா என்று கேட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, இரட்டைப் பிள்ளையாக இருந்தாலோ, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்றார். எல்லாம் சரியாக இருந்தால் நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் தொடங்கும்வரைதான் பயணத்துக்கு நல்ல காலம். மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் ரொம்பப் பாரமாக இருக்காது. பெரும்பாலான விமான கம்பெனிகள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்கு மேல் ஏற்றாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் டிக்கெட் போடும்முன் படித்துவிடுங்கள். கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் அந்த நேரத்தில் வேகமாகப் பரவிக்கொண்டிருக்கிற ஊர் என்றால் கர்ப்பிணிகள் போகவே கூடாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஏமாந்திருப்போம். விற்றவர் "எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்றார். இவர் உட்கார்ந்து பொடி எழுத்தை வரிவரியாகப் படித்தபோது, கர்ப்பம் சம்பந்தமான எதற்கும் பணம் கிடையாது என்று இருந்தது. தேடிப் பிடித்து வேறு பாலிசி எடுத்தோம். தயவுசெய்து இதை மட்டும் வாய் வார்த்தையை நம்பிச் செய்யாதீர்கள்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஒசாகா. நடைபாதை ஓரத்து சீட், காலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், பெல்ட் வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு. மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். கர்ப்ப காலத்தில் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், அதற்குத்தான் இவ்வளவும்.

ஒசாகாவுக்குப் பக்கத்து ஊரான கியோட்டோவில் ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டோம். இலையெல்லாம் சிவந்து கிடக்கும் காலம், கூட்டம் தாங்காது. கியோமிசு கோயிலுக்கு சன்னென்சாகா என்ற கல் பாவிய படிச்சரிவு வழியாக ஏற வேண்டும். அங்கே கால் தடுக்கி விழுந்தால் மூன்று வருஷத்தில் சாவு என்று ஒரு நம்பிக்கை. அதைப் படித்துவிட்டு இவர் என் கையை விடவே இல்லை. ஆனால் அதே சரிவுக்கு சன்னெய்சாகா என்றும் பெயர் உண்டு. சுகப்பிரசவச் சரிவு என்று அர்த்தம் வருகிற மாதிரி எழுதுவார்கள். காரணம் மேலே போனதும் தெரிந்தது.

எல்லாரும் நின்று படமெடுப்பது கோயிலின் மர மேடையில். 1633-ல் மீண்டும் கட்டியது, சுமார் 13 மீட்டர் உயரம், கீழே சிவப்பு மரங்கள். அங்கிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் மரங்களுக்கு நடுவே செந்தூர நிறத்தில் சின்னதாக ஒரு மூன்றடுக்குக் கோபுரம் தெரியும். கோயாசு கோபுரம். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற இடம். கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. இவர் முன்னால் போய் வழியில் எங்கே உட்காரலாம் என்று பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போனார். பயணம் முழுக்க அப்படித்தான் செய்தார்.

அங்கே எங்களைப் போலவே ஒரு ஜோடி நின்றிருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். இரண்டு பேரும் கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார்கள். எனக்கு எங்கள் மலைக்கோட்டை தாயுமானவர் ஞாபகம் வந்தது. காவிரியில் வெள்ளம், அம்மாவால் அக்கரையிலிருந்து வர முடியவில்லை, பிரசவ வலியில் துடித்த ரத்னாவதிக்கு அம்மா உருவில் வந்து சிவனே பார்த்துக்கொண்டார் என்பது கதை. எனக்குச் சுகப்பிரசவம் ஆனால் அவருக்கு வாழைத்தார் படைப்பதாக என் அம்மா வேண்டியிருந்தார். நானும் அந்தக் கோபுரத்து முன்னால் அதையே தமிழில் சொல்லிக்கொண்டேன்.

குழந்தை முதல்முதலாக அசைந்தது அன்றைக்கு ராத்திரி. வெளிச் சாப்பாடு அலுத்துப்போய் தெருமுனைக் கடையில் சூடுபண்ணின சாதமும் சர்க்கரை சேர்க்காத தயிரும் வாங்கி வந்திருந்தோம். ஹோட்டல் அறையில் காகிதக் கிண்ணத்தில் பிசைந்து, அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றாவது வாயோ நான்காவது வாயோ, அடிவயிற்றில் உள்ளுக்குள் ஒரு மீன் திரும்பின மாதிரி இருந்தது. அசையாமல் உட்கார்ந்தேன். மறுபடியும். இவர் கையை எடுத்து வைத்தேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் தயிர்சாதம் ஒட்டின கையோடு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிள்ளை பிறந்ததும் போகலாமே என்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? குழந்தைக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள் எனக்கு நினைவில்லை. அந்தப் பத்து நாள் எங்களுக்கு வேண்டியிருந்தது.

வெளியே போன பிறகுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. ஒரு ரயில் நிலைய அலுவலகத்தில் கேட்டதும் இளஞ்சிவப்பில் ஒரு வட்ட அட்டை கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் படம், "வயிற்றில் குழந்தை இருக்கிறது" என்று எழுத்து. காசு கிடையாது, கேள்வியும் கிடையாது. 2006-லிருந்து ஜப்பான் முழுக்க இந்த ஒரே அடையாளம்தான். கைப்பையில் மாட்டிக்கொண்டேன். எல்லாரும் எழுந்து இடம் கொடுத்துவிடவில்லை, போனிலிருந்து தலை தூக்காதவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் ஒரு பாட்டி, காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தவர், அட்டையைப் பார்த்ததும் எழுந்து, தன் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்து, என்னை உட்கார வைத்தார்.

அதைவிடப் பெரிய விஷயம் கழிப்பறை. ஐந்தாம் மாதத்தில் மணிக்கு ஒருமுறை போக வேண்டியிருந்தது. எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் சுத்தமாக ஒன்று இருந்தது. திருச்சியில் நான் கடைவீதிக்குப் போவதென்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். எங்கே போவது? கர்ப்பமான பிறகும் அதையே செய்துகொண்டிருந்தேன். சிறுநீர்த் தொற்று வரும், பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டரம்மா திட்டியிருக்கிறார். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, அது நிஜமாகவே பெரிய உதவி. ஆனால் நிறைமாத வயிறோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு யார் எழுந்திருப்பது? "இந்த நேரத்துல வெளியே போகாதே" என்று நாம் இத்தனை அக்கறையாகச் சொல்கிறோமே, வெளியே அவளுக்கு உட்கார ஓர் இடமும் ஒதுங்க ஓர் இடமும் செய்து வைக்கிற அக்கறை எங்கே போனது? எனக்கு இதில் கோபமே வருகிறது.

கடைசி இரண்டு நாள் டோக்கியோ. அங்கே சுய்தெங்கு என்ற கோயிலில் ஐந்தாம் மாதம் நாய் நாள் என்று ஒன்று பார்த்து, வயிற்றில் கட்டிக்கொள்ளத் துணி வாங்கிப் போவார்கள். நாய் சுலபமாகக் குட்டி போடுமாம், அந்த ராசி நமக்கும் வரட்டும் என்று. எங்கள் வீட்டில் ஐந்தாம் மாதம் அம்மா வீட்டிலிருந்து கலந்த சாதம் கட்டி வருவார்கள். போனில் சொன்னபோது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "அங்கயும் அஞ்சாம் மாசம்தானா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மார்ச் மாதம் பெண் பிறந்தாள். வாழைத்தார் படைத்தாயிற்று.

நேற்று சித்தி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே போய் பீரோவிலிருந்து அந்த இளஞ்சிவப்பு அட்டையை எடுத்து வந்தார். "இதப் பைல மாட்டிக்க கண்ணு. எழுத்து புரியாட்டியும் படம் புரியும்" என்றார். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டார், மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கச் சொன்னார். அப்புறம் ஒரு நார்த்தங்காய் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

"பெட்டிக்குள்ள வச்சு அனுப்பிடு, கையில கொண்டுபோனா வாங்கி வச்சுக்குவாங்க."