பதிலை எனக்கு மட்டும் அனுப்பாதீங்க, ஊருக்குப் போடுங்க

"கோரப்பட்ட தகவல்கள் விரிவானவையாக உள்ளதால் தொகுத்து வழங்க இயலாத நிலை உள்ளது என்ற விவரம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அதாவது ஆர்டிஐ என்கிறோமே, அதில் நான் போட்ட மனுவுக்கு வந்த பதில் இது. ஒரே வாக்கியம். கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, அதற்கும் கீழே ரப்பர் ஸ்டாம்ப். இதை டைப் அடித்துத் தபாலில் போடச் சட்டம் கொடுத்த முப்பது நாள் அவர்களுக்குப் போதவில்லை.

அப்படி என்ன விரிவானதைக் கேட்டுவிட்டேன்? பெருந்துறைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் அலுவலகம் எதுவென்று தெரிந்துவிடும், அது வேண்டாம். அந்த ஊரில் பள்ளத்தைத் தாண்டித் தோட்டங்களுக்குப் போகிற ஒரு தார் ரோடு. ஒரு கிலோமீட்டர்கூட வராது. முந்தின வருசம் போட்டது, முதல் மழைக்கே ஜல்லி தனியாகத் தார் தனியாகக் கிடந்தது. பால் கேன் கட்டிய வண்டிகள் அதில் போகிற அழகைப் பார்க்கச் சகிக்காமல்தான் மனு எழுதினேன். அந்த ரோட்டின் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் நகல், பட்டுவாடா செய்த பில். அவ்வளவுதான். நாலும் ஒரே கோப்பில் இருக்கிற காகிதங்கள். எதைத் தொகுக்க வேண்டும்? பீரோவைத் திறந்து கோப்பை எடுத்து ஜெராக்ஸ் போட வேண்டும். பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள், அதையும் நான்தான் கட்டப் போகிறேன்.

சட்டத்தையாவது ஒழுங்காகப் படித்தார்களா என்றால் அதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(9) பிரிவைத்தான் இப்படிச் சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். அந்தப் பிரிவு சொல்வது வேறு. கேட்ட வடிவத்திலேயே கொடுத்தால் அலுவலகத்தின் ஆளும் நேரமும் அளவுக்கு மீறிச் செலவாகும் என்றால் வேறு வடிவத்தில் கொடுக்கலாம். கொடுக்காமலே இருக்கலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. மறுப்பதென்றால் 8ஆம் பிரிவிலோ 9ஆம் பிரிவிலோ எந்தக் காரணம் என்று எழுத வேண்டும். யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். எனக்கு வந்த கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு பழக்கம் இருக்கிறது. 2011இல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கவலை சொன்னது: ஊழியர்களில் 75 சதவீதம் பேர் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தைத் தகவல் தேடிக் கொடுப்பதிலேயே கழிக்கிற நிலை வரக்கூடாது என்று. இந்த வரியை மட்டும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அதே தீர்ப்பில்தான், திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் வாங்கவும் மாணவனுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அந்தப் பக்கம் மட்டும் இவர்கள் கண்ணில் படவே இல்லை.

சரி, மனு போன வழியைக் கேளுங்கள். மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தேன். 'பிரிவு 6(3)-இன்படி மாற்றி அனுப்பப்படுகிறது' என்று ஒரு கடிதம். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் ஐந்து நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இது மாறுவதற்கே மூன்று வாரம். மாறிப் போன இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு, அங்கிருந்து மறுபடி கீழே. ஒவ்வொரு கடிதத்தின் நகலும் எனக்கு வந்தது. 'மனுதாரருக்கு நேரடியாகத் தகவல் வழங்கி அதன் விவரத்தை இவ்வலுவலகத்துக்குத் தெரிவிக்குமாறு' என்று ஒருத்தர் இன்னொருத்தருக்கு எழுதிக்கொண்டே போகிறார்கள். ரோடு போட்ட செலவைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடுமோ என்று பயந்துவிட்டேன்.

மனு இன்னும் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு போன்.

"ஏனுங்க, அந்த ரோட்டு மனு போட்டது நீங்கதானுங்களா?"

"நீங்க யாருங்க?"

"நம்மாளுதானுங்க. வேலை எடுத்துச் செஞ்சவரு எனக்கு வேண்டப்பட்டவரு. நேர்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாயம் அங்கியே முடிஞ்சிருக்குமுங்களே. எதுக்குங்க ஆர்டிஐ அது இதுன்னு?"

எஸ்டிமேட்டை வெளியில் விட முடியாத அலுவலகம், என் பேரையும் போன் நம்பரையும் மட்டும் கான்ட்ராக்டர் வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அதற்கு முப்பது நாள் கெடு தேவைப்படவில்லை, 6(3) தேவைப்படவில்லை. ஏன் கேட்கிறாய் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக்கூடாது, பதில் அனுப்பத் தேவையான முகவரிக்கு மேல் எந்த விவரமும் கேட்கக்கூடாது என்கிறது பிரிவு 6(2). 2014இல் சென்னை உயர் நீதிமன்றமே, காரணம் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி ஒரு தீர்ப்பில் எழுதிவிட்டு, இந்தப் பிரிவைக் கவனித்ததும் சில நாளிலேயே தானாக முன்வந்து அந்தப் பகுதியை நீக்கியது. நீதிமன்றம் திருத்திக்கொண்டது, நம் ஆபீஸ்காரர்கள் திருந்தவில்லை. "எதுக்குக் கேக்கறீங்க?" என்பதுதான் இன்றும் முதல் கேள்வி.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வயிறு எரிந்தது இதற்கு அடுத்ததில்தான்.

பால் சொசைட்டியில் இந்தக் கதையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அட, இதுக்கா கண்ணு இத்தனை அலைச்சல்? அந்த ரோட்டு எஸ்டிமேட்டு எங்கிட்ட இருக்குதே" என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போய் பரண் மேலிருந்து ஒரு மஞ்சப்பையை இறக்கினார். பழைய கிஸ்து ரசீதுகளுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே, தகவல் உரிமைச் சட்டத்தின்படி வழங்கப்பட்டது என்று சீல் குத்திய எஸ்டிமேட்டும் வேலை உத்தரவும். ரோடு போட்டுக்கொண்டிருந்தபோதே, தன் காட்டு வேலி ஓரத்தை எவ்வளவு எடுக்கப் போகிறார்கள் என்று பார்ப்பதற்காக அவர் வாங்கி வைத்தது. கொடுத்தது அதே அலுவலகம்!

ஆக, அந்த நகல் ஏற்கெனவே எடுத்தது. ஏற்கெனவே சீல் குத்தியது. எனக்கு அனுப்ப ஒரு ஆள் ஐந்து நிமிஷம் செலவழித்தால் போதும். ஆனால் யாருக்கு என்ன பதில் கொடுத்தோம் என்பது அவர்களுக்கே தெரியாது. கொடுத்த பதில் கேட்டவன் வீட்டுப் பரணில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்தவன் அதையே கேட்டால் மறுபடியும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், மறுபடியும் ஒப்புகை அட்டை, மறுபடியும் 'தொகுத்து வழங்க இயலாது'. இதற்குப் பிறகு மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, ஆர்டிஐ மனுக்கள் குவிகின்றன, வேலை பார்க்க முடியவில்லை என்று அழுகிறார்கள். குவித்தது யார்?

கொடுத்த பதிலை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டால் என்ன? இது என் கண்டுபிடிப்பு இல்லை. மத்திய அரசின் பணியாளர் துறை 2013 ஏப்ரலிலேயே சுற்றறிக்கை விட்டது: வந்த ஆர்டிஐ மனுக்கள், மேல்முறையீடுகள், அவற்றுக்குக் கொடுத்த பதில்கள் எல்லாவற்றையும், சொல்லைப் போட்டுத் தேடுகிற வசதியோடு தளத்தில் வெளியிட வேண்டும், தனிநபர் விவரம் சம்பந்தப்பட்டதை மட்டும் விட்டுவிடலாம் என்று. அது மத்திய அரசு அலுவலகங்களுக்குச் சொன்னது. நம் ஊர் ஆபீஸ் அதைப் பார்த்துச் செய்யக்கூடாது என்று யார் தடுத்தார்கள்? ராஜஸ்தானில் 2019இல் ஜன் சூச்னா என்று ஒரு தளம் திறந்து, ஊர்வாரியாகத் திட்ட விவரங்களை யாரும் மனு போடாமலே பார்க்கிற மாதிரி வைத்தார்கள். மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முன்னோடி என்று தமிழ்நாட்டுக்காரர்களான நாம் மார்தட்டிக்கொண்டே இருக்கிறோம்.

சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் தெளிவு. பதினேழு வகை விவரங்களைக் கேட்காமலே வெளியிட வேண்டும், மக்கள் மனு போடுகிற தேவையே குறைய வேண்டும், அதுவும் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். நம் அலுவலகங்கள் இதைக் கடைப்பிடிக்கிற விதத்தைத் தளத்தில் போய்ப் பாருங்கள். காகிதத்தைக் கோணலாக வைத்து ஸ்கேன் செய்த ஒரு பிடிஎஃப். படமாக இருப்பதால் ஒரு சொல்லைத் தேட முடியாது. பொதுத் தகவல் அலுவலர் என்று போட்டிருக்கிறவர் ரிட்டயர்டு ஆகிப் பேரன் பேத்தி எடுத்திருப்பார். அந்த போன் நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுத்து, "ராங் நம்பருங்க, தினமும் இதே ரோதனை" என்கிறார். பாவம், அவர் என்ன பண்ணுவார்.

செய்யத் தெரியாதவர்கள் என்றால்கூட மன்னித்துவிடலாம். பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாவற்றையும் அரசுத் தளத்தில் போட்டார்களா இல்லையா? இன்றைக்குத் தோட்டத்து வரப்பில் நின்றபடியே சர்வே நம்பரைத் தட்டிப் பார்க்கிறோம். சிட்டா நகல் கேட்டு எவனாவது ஆர்டிஐ போடுகிறானா? வில்லங்கம் பார்க்க ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்ற காலமும் போய்விட்டது. போட்டால் கூட்டம் குறையும் என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் எஸ்டிமேட், எம்-புக், பில் என்றால் மட்டும் கை வரமாட்டேன் என்கிறது.

கொங்குச் சீமையில் இது என் ஒருத்தன் ரோட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்றார்கள். நம்ம ஊர்க் குட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இந்த வருசம் எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள் என்று ஒவ்வொரு ஊர்க்காரனும் தனித்தனியாகவா எழுதிக் கேட்க வேண்டும்? நொய்யலில் சாயக் கழிவு, ஒரத்துப்பாளையம் அணை பாழாய்ப் போனது, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடியது என்று இவ்வளவு பட்ட பிறகும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மனு போடத்தான் வேண்டுமா? கீழ்பவானி பாசன வாய்க்காலில் கசிவைத் தடுக்கக் கான்கிரீட் போடலாம் என்று ஒரு கூட்டம், போடவே கூடாது என்று ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் நம் சொந்தக்காரர்கள்தான், ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். எந்த மைலில் என்ன வேலை, கசிவு எவ்வளவு என்கிற கணக்கு முழுதாக எல்லார் கையிலும் இருந்தால், சண்டை போடுகிறவர்களாவது ஒரே கணக்கை வைத்துக்கொண்டு போடுவார்கள்.

மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் ஆர்டிஐயைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு. உண்மைதான், இருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலேயே மனு போடுவதைத் தொழிலாக வைத்திருக்கிற ஆள் உண்டு, எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. ஆனால் அந்தத் தொழில் எப்படி ஓடுகிறது? காகிதம் அவர் கையில் மட்டும் இருப்பதால் ஓடுகிறது. அதே காகிதம் நாளைக்கு இணையத்தில் வந்துவிட்டால், எதைக் காட்டி மிரட்டுவார்? அந்த ஆளுக்குச் சரக்கு சப்ளை செய்வதே பதிலை ஊருக்குப் போடாத ஆபீஸ்தான்.

இப்போது மறுப்பதற்குப் புதிதாக ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது. 2023இல் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிட்டது. முன்பு, பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட விவரத்தைத்தான் மறுக்கலாம், நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததை மக்களுக்கும் மறுக்கக்கூடாது என்று இருந்தது. அதெல்லாம் போய், தனிப்பட்ட தகவல் என்று ஒரு வார்த்தையில் நிற்கிறது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிற 8(2) இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதை நம் பிரிவு கிளார்க்குக்கு யார் எடுத்துச் சொல்வது? பில்லில் கான்ட்ராக்டர் பேர் இருக்கிறது, அதனால் அது தனிப்பட்ட தகவல் என்று எழுதி வந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

முதல் மேல்முறையீடு போட்டாயிற்று. முப்பது நாள், மிஞ்சினால் காரணம் எழுதிவிட்டு நாற்பத்தைந்து நாள். அதிலும் 'ஏற்கெனவே பதில் வழங்கப்பட்டுவிட்டது' என்று வந்தால் சென்னையில் இருக்கிற தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடுவே வைக்கவில்லை. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று 20ஆம் பிரிவில் அச்சடித்து வைத்திருப்பதைப் படித்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை. பெரியப்பா கொடுத்த எஸ்டிமேட்டை ஜெராக்ஸ் எடுத்து பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினேன், போட்டோ பிடித்து ஊர் வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன். எத்தனை சென்டிமீட்டர் தார் போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சாயங்காலமே ஒரு பையன் பேனாவும் ஸ்கேலுமாக ரோட்டோரம் குத்த வைத்து அளந்துகொண்டிருந்தான். மறுநாள் காலையில் ஆபீஸிலிருந்து போன்.

"யாரைக் கேட்டுங்க ஒட்டுனீங்க?"

"நீங்க சீல் வெச்சுக் குடுத்ததுதானுங்களே. ஒட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதை மனுவா எழுதிக் குடுங்க, பார்த்துச் சொல்றோம்" என்றார்.