அது அடம் அன்று

சென்ற வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய காணொளியை நான் இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. மயக்க மருந்தின் மயக்கம் தெளியும்போது அலறித் துடித்த நான்கு வயதுப் பிள்ளையைப் படம் பிடித்தவரைவிட, அதன் கீழே "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்று தாய்க்குப் பாடம் நடத்தியவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம்.

அது அடம் அன்று. செவோஃப்ளூரேன் போன்ற, சுவாசத்தின் வழியே செலுத்தப்படும் மயக்க மருந்திலிருந்து விழிக்கும் சிறு பிள்ளைகளில் பலருக்கு, குறிப்பாகப் பள்ளி செல்லும் வயதுக்கு முன், இப்படி நேர்கிறது. ஆங்கிலத்தில் 'எமர்ஜென்ஸ் டெலிரியம்', அதாவது விழிப்புக் கலக்கம் என்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே அடங்கிவிடுகிறது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும், வலியே இல்லாத எம்ஆர்ஐ பரிசோதனைக்குப் பிறகும் வருவதுண்டு. இதை மதிப்பிட 2004இல் வெளியான அளவுகோலில் ஐந்து கூறுகள் உள்ளன: பிள்ளை கண்ணைப் பார்க்கிறதா, சுற்றுப்புறத்தை உணர்கிறதா என்பன போன்றவை. தாய் செல்லம் கொடுத்தாரா என்பது அந்த ஐந்தில் இல்லை.

என் மகளுக்கு டான்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது, பாலை எப்போது நிறுத்த வேண்டும், தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அச்சடித்துக் கொடுத்த மருத்துவமனை, இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. என் மடியில் இருந்துகொண்டே "அம்மா எங்கே" என்று கதறினாள். கையிலிருந்த டிரிப் குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். தாதி ஒருவர் விளக்கைக் குறைத்து, கட்டில் கம்பிகளில் தலையணையைச் செருகிவிட்டு, "பேச வேண்டாம், பிடித்துக்கொள்ளுங்கள் போதும்" என்றார். பக்கத்தில் நின்ற உறவினர் சொன்னதை இங்கே எழுத மனம் வரவில்லை.

தடுப்பதற்கான நேரம் அறுவைக்கு முன்புதான், அலறத் தொடங்கிய பிறகு அன்று. மயக்கவியல் மருத்துவரிடம் கேளுங்கள்: இரத்தக் குழாய் வழியே புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தைத் தரலாமா, டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து என் பிள்ளைக்குப் பொருந்துமா, விழிக்கும் முன்பே வலி நிவாரணம் போதுமான அளவு இருக்குமா? முன்பு ஒருமுறை இப்படி நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த மருந்துகள் விழிப்பைத் தாமதப்படுத்தலாம், இதயத் துடிப்பைக் குறைக்கலாம். எனவே முடிவு மருத்துவருடையது. கேட்பது நம்முடையது.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்பீர்கள். 1961லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள், ஐயா. "பெற்றோரின் பதற்றம்தான் பிள்ளையைத் தொற்றுகிறது" என்பதில் உண்மை உண்டு. அச்சத்தோடு மயங்கும் பிள்ளை கலக்கத்தோடு விழிக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால், பதறி நிற்கும் தாயை ஊரே கூடி ஏசுவது எந்த வகை வைத்தியம்? அறிவுரை சொன்ன அத்தனை பேரில் ஒருவராவது அவரை அழைத்து, பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டீர்களா?

குழு நிர்வாகிகள் அந்தக் காணொளியை இன்றே நீக்குங்கள். அடுத்த ஆண்டு அவன் பாலர் பள்ளிக்குப் போகிறான். அவனோடு படிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோரும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள்.