சிரிச்சு முடிச்சாச்சா?

ரெண்டு நாளாக இந்தப் பக்கம் வரவே கூடாது என்றுதான் இருந்தேன். எந்தப் பதிவைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். வேளச்சேரி வீடு, 44 ஆயிரம், 'மிலிட்டரிக்காரர்'. வாடகைக்கு வீடு தேடிய ஒரு பெண், மிலிட்டரிக்காரர் என்று சொல்லிக்கொண்ட போலி ஓனரிடம் 44 ஆயிரம் ரூபாயைக் கொடுத்து ஏமாந்ததை எழுதிய பதிவு. அதைப் பகிராத ஆள் பாக்கியில்லை. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பெண் எழுதியதை முழுசாகப் படிக்கவில்லை என்பது கமெண்ட்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது.

"படிச்ச பொண்ணுதானே?" "ஐடியில வேற வேலையாம்!" "பதினாலாயிரத்துக்கு வேளச்சேரியில டபுள் பெட்ரூம்னா எங்களையும் கூப்பிடுங்க." "பேராசை பெருநஷ்டம்." சிரிப்பு எமோஜி மட்டும் நானூற்றுச் சொச்சம். அதில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள் 11 பேர். எண்ணினேன். வயிற்றெரிச்சல்.

சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். நீங்கள் சிரிக்கிற சிரிப்பு அந்தத் திருடனுக்குத்தான் உதவுகிறது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கணக்கோடு சொல்கிறேன்.

பணம் போன அன்று சாயங்காலம் ஏழு மணிக்கே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது, ஏமாந்துவிட்டோம் என்று. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்தது மறுநாள் காலை பதினொரு மணிக்கு. நடுவில் பதினாறு மணி நேரம். இந்த 1930 என்பது சும்மா புகார் எழுதிக்கொள்கிற நம்பர் இல்லை. சொன்ன உடனே தகவல் வங்கிக்குப் போகும், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். நிற்கிற வரைக்கும்தான் நிறுத்த முடியும். அவன்களோ ஒரு கணக்கில் வாங்கி, நாலு கணக்குக்குப் பிரித்து, எங்கேயோ ஒரு ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் கணக்குகளும் அவன்கள் பெயரில் இருக்காது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கை அடுத்தவனுக்கு விட்டவர்களின் கணக்குகள். நமக்கு வீடுதான் வாடகைக்குக் கிடைக்க மாட்டேன் என்கிறது, வங்கிக் கணக்கு தாராளமாகக் கிடைக்கிறது.

பதினாறு மணி நேரத்துக்குப் பிறகு பிடித்துவைக்க முடிந்தது 3,100 ரூபாய்.

அந்தப் பதினாறு மணி நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதையும் அவரே எழுதியிருக்கிறார், நீங்கள்தான் படிக்கவில்லை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து, வீட்டில் எப்படிச் சொல்வது, ஆபீசில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதாவது உங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

சரி, "நேரில் பார்க்காமல் பணம் போடலாமா?" இது கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டவர்களின் கேள்வி. போடக் கூடாதுதான். ஆனால் அவர் முதல் ரெண்டாயிரத்தைப் போட்டதே நேரில் பார்க்கத்தான். அபார்ட்மென்ட்டில் கேட் பாஸ் எடுக்காமல் உள்ளே விட மாட்டார்கள், வீட்டைப் பார்த்ததும் அந்தக் காசு திரும்ப வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறான். அப்புறம், பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருகிறேன், ஒரு மாத வாடகையைப் போட்டு பிளாக் பண்ணிவிடுங்கள் என்றான். அதற்கு முன்னால் "எங்க டிபார்ட்மென்ட்ல இதுதான் சிஸ்டம் சிஸ்டர், ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்க, ரெண்டு ரூபாயா திரும்ப வரும்" என்று சொல்லியிருக்கிறான். வந்திருக்கிறது! ரெண்டு ரூபாய் செலவழித்து நம்பிக்கையை வாங்கிவிட்டான். பிறகு 14 ஆயிரம். "சரியாப் பதிவாகலை, மறுபடி போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்." மறுபடி 14. போனதை மீட்க இன்னொரு 14. நாலாவது முறை கேட்டபோதுதான் நிறுத்தியிருக்கிறார். நடுவில் க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பி, ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போட்டால் பணம் உங்களுக்கு வரும் என்றானாம். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு? பின் போட்டால் பணம் போகும், வராது. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நிதானமாக இருந்தால் அவருக்கும் தெரியும்.

யூனிபார்ம் போட்ட படம், ஆதார், மிலிட்டரி கேன்டீன் கார்டு எல்லாம் அனுப்பியிருக்கிறான். அந்த ஆதார் இவருக்கு முன்னால் ஏமாந்த யாரோ ஒருவருடையதாகவே இருக்கலாம். அக்ரிமென்ட் போட வேண்டும் என்று இவருடைய ஆதாரையும் வாங்கி வைத்திருக்கிறானே, அடுத்தது யாருக்குப் போகுமோ.

வீட்டுப் படங்களில் ஒன்றில், ஹால் சுவரில், நாள்காட்டி தொங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் தெலுங்கு. படமே வேறு எங்கோ எடுத்தது போல. எல்லாம் முடிந்த பிறகு அவரே கண்டுபிடித்துப் பதிவில் போட்டார். அதற்கும் சிரித்தீர்கள். நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தேன், அவர் சொல்லும்வரை எனக்கு அது கண்ணில் படவே இல்லை. உங்களுக்குப் பட்டதா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்கலாம். கேளுங்கள்.

2009. கொளத்தூரில் ஒரு வீட்டை அப்பா மூன்று லட்சத்துக்குப் போக்கியத்துக்குப் பிடித்தார். ரிட்டையர்டு ஆன காசு. மாதாமாதம் வாடகை கொடுக்க வேண்டாம், மூன்று வருஷம் கழித்து முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, சாட்சிக் கையெழுத்தெல்லாம் வாங்கி, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் வந்தார். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "வீட்ல யார் இருக்கீங்க? ரெண்டு மாசமா வாடகை வரலையே" என்றார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அவர்தான் நிஜமான ஓனர். எங்களிடம் மூன்று லட்சம் வாங்கியவன் அவரிடம் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவன். எங்கள் பணத்திலிருந்தே அவருக்கு மாதாமாதம் வாடகை கட்டிவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். இன்றைக்கும் சென்னையில் இது அப்படியே நடக்கிறது, 'லீஸ்' என்று பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

அப்பா அன்று எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர் புரோக்கருக்குச் சொந்தக்காரர் என்றார். இருபது நாள். தினமும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "ஒரு வேலை இருக்கு" என்று கிளம்பிப் போவார். கடைசியில் அம்மாவிடம் சொல்லி, அவள் அழுது, நாங்கள் போலீசுக்குப் போனபோது, அவன் குடியிருந்த வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "போன வாரம் வரைக்கும் இங்கதாம்பா இருந்தாங்க."

போன வாரம் வரைக்கும்!

ஏம்ப்பா உடனே சொல்லலை என்று கேட்டதற்கு அப்பா சொன்னது, "ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்கடா." சிரித்தார்கள். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சித்தப்பா இலையில் உட்காரும்போது, "என்னண்ணே, உங்க கொளத்தூர் பங்களா எப்படி இருக்கு?" என்பார். பந்தியே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். இப்போது சொல்லுங்கள், யாருடைய சிரிப்பு யாருக்கு இருபது நாள் வாங்கிக் கொடுத்தது?

"அப்போ மக்களுக்கு விழிப்புணர்வே வேண்டாமா?" என்று ஒருத்தர் வருவார். வேண்டும் சார். செய்யுங்கள். ஈபி பில்லில் யார் பெயர் இருக்கிறது, சொத்துவரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது ஈசி, காசில்லாமல் பார்க்கலாம். அன்று அப்பா அதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று, பதிவு செய்யாத போக்கிய ஒப்பந்தம் ஈசியில் வராது. உங்களுக்கு முன்னால் நாலு பேரிடம் வெறும் பத்திரத்தில் எழுதிக் கைநீட்டிக் காசு வாங்கியிருந்தாலும் அது சுத்தமாகத்தான் இருக்கும். ஓனர் சார்பில் கையெழுத்துப் போட பவர் பத்திரம் இருக்கு என்றால் பவர் கொடுத்தவரிடமே பேசச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இதையெல்லாம்விட நல்ல வழி, தெருமுனை இஸ்திரிக்காரர். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், ஓனர் எந்த ஊரில் இருக்கிறார், போன குடித்தனம் ஏன் காலி செய்தது, எல்லாம் அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்வதற்கு எதற்கு அந்தப் பெண்ணைக் கேலி செய்ய வேண்டும்?

அப்புறம் அந்த 'பதினாலாயிரம்'. சந்தேகப்பட்டிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்பது வீடு நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். தனியாகவா இருக்கப்போறீங்க? சைவமா? என்ன ஆளுங்க? நைட் ஷிப்ட் உண்டா? ஃபிரெண்ட்ஸ் வருவாங்களா? ஒரு வீட்டில் அப்பா போன் நம்பரை வாங்கி அப்போதே பேசினார்களாம். ஒன்றுமே கேட்காமல், சிஸ்டர் சிஸ்டர் என்று மரியாதையாகப் பேசிய ஒரே ஓனர் அந்தப் போலி ஓனர்தான். விலை குறைவு என்பதால் மட்டும் அவர் விழவில்லை, ஒரு மனுஷியாக மதித்துப் பேசியதில் விழுந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்க்காமல் டோக்கன் போடு என்று பழக்கியதும் நம்ம ஊர்தானே? "இன்னும் நாலு பேர் கேட்டுட்டு இருக்காங்க, இன்னைக்கே போட்டா உங்களுக்கு" என்று நிஜ புரோக்கரே சொல்கிறார். டாக்குமென்ட்டைக் காட்டுங்க என்று கேட்டுப் பாருங்கள், "நம்பிக்கை இல்லைன்னா வேற இடம் பாருங்க" என்பார்கள். கேள்வி கேட்டால் வீடு கிடைக்காது என்று ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்காமல் பணம் போட்டவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

"ஓனர்களைத் திருடனோடு சேர்க்காதீர்கள்" என்று உடனே ஒரு ஓனர் வருவார். சேர்க்கவில்லை. சரி, கொஞ்சம் சேர்க்கிறேன். 2017-ல் போட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய, என்கிறது. அந்த 'இருந்தாலொழிய'வுக்குள் மொத்தச் சென்னையும் நுழைந்துவிட்டது. நான் மடிப்பாக்கத்தில் வீடு காலி செய்தபோது ஓனர் டார்ச் எடுத்துக்கொண்டு வந்து சுவரில் ஆணி ஓட்டைகளை எண்ணினார். பதினேழு. அதில் ஐந்து எனக்கு முன்னால் இருந்தவர் அடித்தது. பெயின்ட்டுக்கு என்று 22 ஆயிரம் பிடித்துக்கொண்டார். அதற்கு எந்த நம்பருக்குப் போன் போடுவது? மாதச் சம்பளக்காரனுக்கு 22 ஆயிரமும் 44 ஆயிரமும் போகிற வழிதான் வேறு. ஆமாம், விஷயத்தைவிட்டு விலகிப் போகிறேன், தெரிகிறது.

சிரித்த 11 பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும். 2012-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டுபோய், பிரியாணி போட்டு, ஒரு கிராம் தங்கக் காசு கொடுத்து, 'சென்னைக்கு மிக அருகில்' ஒரு மனையை விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா நண்பரே? மேல்மருவத்தூரையும் தாண்டிப் போன அந்த அருகில்? டிடிசிபி அப்ரூவல், அதாவது மனைக்கு அரசு அங்கீகாரம், இருக்கா என்று நீங்கள் கேட்டீர்களா? 2016-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று ஐகோர்ட் சொன்னபோது ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்து, "என் பணம் போச்சாடா" என்று கேட்டது நீங்கள்தானே? நான் அப்போது சிரித்தேனா?

சிரித்தேன். போனை வைத்த பிறகு, என் மனைவியிடம் சொல்லி. ஆனால் உங்கள் முகத்துக்கு எதிரே சிரிக்கவில்லை, நானூறு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை.

இன்னொரு விஷயம். ஐபிசி என்கிற பழைய தண்டனைச் சட்டம் போய் புதுச் சட்டம் வந்ததில், மோசடிக்கான 420-ஆவது பிரிவு 318 ஆகிவிட்டது. ஆனாலும் ஏமாற்றுகிறவனை யாரும் முன்னூற்றுப் பதினெட்டு என்று திட்டக் காணோம். திட்டுவதற்கு ஏமாந்தவர்கள் இருக்கும்போது அவன் எதற்கு என்று விட்டுவிட்டோம் போல.

நேற்று அந்தப் பெண்ணுக்கு உள்பெட்டியில் ரெண்டு வரி எழுதினேன். ராத்திரி பதில் வந்தது. "அண்ணா, மூணு பேர் மெசேஜ் பண்ணியிருக்காங்க, இதே ஆள் இதே போட்டோவை அவங்களுக்கும் அனுப்பியிருக்கான். ஒருத்தங்க அன்னைக்கு மத்தியானம் பணம் போட இருந்தாங்களாம், என் போஸ்ட்டைப் பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. ஆனா அப்பா கமெண்ட்ஸ் எல்லாத்தையும் படிச்சுட்டார்ண்ணா. எடுத்துடட்டுமா?"

எடுக்காதேம்மா என்று எழுதிவிட்டு, கூடவே சமாதானமாக என்ன சொல்வது என்று யோசித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது போய்ப் பார்த்தேன். பதிவைக் காணோம். அந்த விளம்பரம் மட்டும் அதே தளத்தில், ரெண்டு முறை ரிப்போர்ட் அடித்த பிறகும், அப்படியே இருக்கிறது. வேளச்சேரி, டபுள் பெட்ரூம், கார் பார்க்கிங் உண்டு, வாடகை 14,000. ஹால் படத்தில் தெலுங்கு நாள்காட்டி.