நம்ம பையன்கள் வேலையில் நிற்பதில்லை என்று சொல்பவர்களுக்கு

இங்கே மலேசியாவில், பந்திங் டவுனில் எந்தக் கடையில் பசியாற உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "நம்ம பையன்களை வேலைக்கு எடுத்தா மூணு மாசம் தாங்க மாட்டானுங்க. எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுப்பானுங்க, அப்புறம் சொல்லாம கொள்ளாம வேலையை விட்டு நின்னுடுவானுங்க." சொல்கிறவர்கள் வெளியாட்கள் இல்லை, நம் ஆட்களேதான். சூப்பர்வைசராக இருப்பவர், சொந்தமாக லோரி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவர், வேலை ஓய்வு பெற்ற வாத்தியார். போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் இதே வந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் தூக்கியிருந்தவர்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அதற்கு முன்னால் உற்பத்திப் பகுதியில் லைன் லீடர். அப்பா பால்மரம் வெட்டினவர், அம்மா அதே தோட்டத்தில் மருந்து அடித்தவர். வேலையை விட்டு நிற்கிறவன் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்றும் எனக்குத் தெரியும், ஆள் கிடைக்காமல் ஷிப்டை ஓட்டும் அவஸ்தையும் தெரியும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: தான் சொல்வது யார் காதிலும் ஏறாத இடத்தில் எந்த இனத்துப் பையனும் நிற்க மாட்டான். சம்பளம் முக்கியம், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரே அடிப்படைச் சம்பளம், 1,700 வெள்ளி, கொடுக்கும்போது ஒன்றில் ஆள் நிற்கிறது, இன்னொன்றில் நிற்கவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

வேலையை விடும்போது ஒரு படிவம் நிரப்பச் சொல்வோம். காரணம் என்ற இடத்தில் எல்லாருமே "சொந்தக் காரணம்" என்றுதான் எழுதுவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துப் பேசினால் அப்புறம்தான் உண்மை வரும். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைத்து "மண்டையில என்ன இருக்கு" என்று கேட்டார், அக்கா. ஓட்டி (ஓவர்டைம்) கணக்கில் குறைகிறதே என்று கேட்டேன், "வேணும்னா செய், இல்லாட்டி போ" என்றார். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு லீவு கேட்டு வாட்ஸ்அப் போட்டேன், நீலக் கோடு விழுந்தது, பதில் வரவே இல்லை, கடைசியில் எம்.சி. எடுத்துக்கொண்டு போனேன். இந்தக் கடைசி ஆள் மேல் "அடிக்கடி எம்.சி. எடுப்பவன்" என்று ஃபைலில் ஏறியிருந்தது. பதில் சொல்லாமல் விட்டவர் பெயர் எந்த ஃபைலிலும் ஏறவில்லை.

எங்கள் துறையில் இதற்குப் பணியாளர் ஈடுபாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1990இல் வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கோடைக்கால முகாமிலும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்திலும் வேலை செய்தவர்களைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் எப்போது வேலையில் மனசோடு இறங்குகிறான், எப்போது உடம்பை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான் என்பதுதான் அவர் பார்த்தது. மூன்று விஷயம் சொன்னார். இதைச் செய்வதில் எனக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? வாய் திறந்து பேசினால் எனக்குக் கெடுதல் வராதா? இதற்குக் கொடுக்க என்னிடம் தெம்பு மிச்சம் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை நம் ஊர் முதலாளிகள் சுவரில் எழுதி வைக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் தொழிற்சாலை வேன் ஏறி, 12 மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வருகிறவனைப் பிடித்து "உனக்கு ஆர்வம் இல்லை" என்பது அநியாயம்.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உலகம் முழுக்க இதை ஆண்டுதோறும் அளக்கிறது. 2024இல் 100 தொழிலாளர்களில் 21 பேர்தான் வேலையில் ஈடுபாட்டோடு இருந்தார்கள் என்கிறது. மிச்சம் 79 பேரும் ஒரே இனமில்லை, ஒரே நாடுமில்லை. ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் ஈடுபாட்டில் உள்ள வேறுபாட்டில் குறைந்தது 70 விழுக்காடு அந்தக் குழுவின் மேலாளரைப் பொறுத்தது என்றும் அதே கேலப் சொல்கிறது. ஆக, பையனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவனுக்கு மேலே யார் இருந்தார் என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணிலேயே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவர். அவர்கள் கேட்டவற்றை ஒருமுறை பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும். கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, நோய்க்கு ஒழுங்கான மருத்துவம். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து. முரட்டுத்தனமான அதிகாரிகளை மாற்று. குறை சொன்னவனைப் பழிவாங்காதே. அதோடு இன்னொன்று: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் வேண்டாம். வயிற்றுக்கே போதாத கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள், கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமையையும் எழுதி வைத்தார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலை இன்றைக்கு எந்தத் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும். அவர்களின் கொள்ளுப்பேரன் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

சின்ன வயதில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பால் ஸ்டோரில் பகலில் வாளி வாளியாக ரப்பர் பால் வந்து இறங்கும். வடிகட்டி ஊற்றி, நிறுத்து, கிராணி (தோட்டத்துக் கணக்கர்) மெட்ரோலாக்கை உள்ளே விட்டு அளவு பார்த்து நோட்டில் எழுதுவார். தண்ணீர் எவ்வளவு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று அந்தக் கருவிதான் சொல்லும், கூலியும் அதை வைத்துத்தான். ஒரு கிராணி இருந்தார், எடையையும் அளவையும் உரக்கச் சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் காட்டுவார். அவருக்குப் பின்னால் வந்தவர் எழுதி மூடிவிடுவார், கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்பார். இரண்டு பேரும் கணக்கை ஒரே மாதிரிதான் எழுதினார்களோ என்னவோ. ஆனால் இரண்டாமவர் காலத்தில் ஸ்டோர் வாசலில் சண்டை இல்லாத வாரம் கிடையாது. அங்கே நிற்கிற ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு கடுப்பு.

இப்போது எத்தனை இடங்களில் போனஸ் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று தொழிலாளிக்குத் தெரியும்? இரண்டு பேர், ஒரே லைன், ஒரே வருகைப் பதிவு, ஒருவருக்கு 1 மாதம், இன்னொருவருக்கு அரை மாதம். கேட்டால் "மேலிடத்து முடிவு". இப்படி நோட்டை மூடி வைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை டி-சட்டை கொடுத்து, குடும்ப தினம் நடத்தி, அதிர்ஷ்டக் குலுக்கில் ஒரு ரைஸ் குக்கரும் கொடுத்துவிட்டால் பாசம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். குடும்ப தினம் நல்லதுதான், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் அடுத்த திங்கட்கிழமையே கழிவறைக்குப் போனதற்கு நிமிடக் கணக்கு கேட்கிற இடத்தில் அந்தச் சந்தோஷம் கேட் தாண்டாது.

நல்ல விதமாக நடக்கிற ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் இரவு ஷிப்டில் ஒரு மலாய் லைன் லீடர் இருக்கிறார், காக் (மலாயில் அக்கா) என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன 555 நோட்டு. ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரும் நின்று பேசும் நேரத்தில், மற்ற லீடர்கள் காகிதத்தில் இருப்பதை வாசித்து, "ஏதாவது பிரச்சினை? இல்லை? சரி, போங்க" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். காக் கேட்டுவிட்டு நிற்பார். யாராவது பேசும்வரை நிற்பார். பேசினதை அங்கேயே எழுதுவார், அடுத்த இரவு முதல் வேலையாக அதைப் படிப்பார். விசிறி ஓடவில்லை என்று நேற்று சொன்னீர்கள், மெயின்டனன்ஸ் புதன்கிழமை வருகிறார்கள். நேப்பாளத் தம்பிக்குச் சேஃப்டி பூட் ஒரு சைஸ் பெரிதாகக் கொடுத்திருக்கிறார்கள், ஸ்டோரில் அவன் சைஸ் இல்லை, ஆர்டர் போட்டாச்சு. ஓட்டி கணக்கு, ஆபீசைக் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை, நாளைக்கும் கேட்பேன். எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்றாவதுதான். கையில் தீர்வு இல்லாவிட்டாலும் விஷயம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறார். அவர் லைனில் ஆள் நிற்கிறது. தமிழ்ப் பையன்கள், மலாய்ப் பெண்கள், நேப்பாளிகள், வங்காளதேசிகள், எல்லாரும் நிற்கிறார்கள்.

புகார் அதிகம் வருவதும் அவர் லைனிலிருந்துதான். அதைப் பார்த்துவிட்டு மேலிடத்தில் ஒருவர் "அந்த லைனில் ஏதோ கோளாறு" என்றார். அப்போது எனக்கு ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஞாபகம் வந்தது. 1990களில் அவர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஏட்டில் அங்கேதான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். மிஷினில் கை மாட்டப் பார்த்தது என்று ஒருவன் சொன்னால் கவர் மாட்டலாம். அவன் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) விபத்துப் படிவம்தான் நிரப்ப வேண்டும். புகாரே வராத லைனைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் பட்டியலில் உள்ள அறிகுறிகள். நம் தாத்தாக்கள் பட்டதைத்தான் இன்றைக்கு அந்தப் பையன்கள் படுகிறார்கள். அவர்களை "வங்காளி" என்று ஏளனமாகக் கூப்பிடும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது.

சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாரத்துக்கு வழக்கமான வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 98 நாள், திருமணமான தகப்பனுக்கு 7 நாள். வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். உங்கள் இடத்தில் அந்தக் குழுவில் தொழிலாளர் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வேலையை விட்டு நிற்பது உங்களுக்குத்தான் நஷ்டம். விடுப்பும் இல்லாமல், தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை நீங்கள் முறித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், நோட்டீஸ் பணம் உங்களிடமே கேட்பார்கள். குறையை எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள், சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அநியாயமாக நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறைக்குப் போகலாம். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

முதலாளிமாருக்கும் மேனேஜர்களுக்கும் சொல்வது லைன் லீடர்கள் பற்றி. நன்றாக மிஷின் ஓட்டுகிறான் என்பதற்காக ஒருவனை இழுத்து 20 பேருக்கு மேலே நிறுத்துகிறோம். ஆளோடு எப்படிப் பேசுவது, குறையை எப்படி வாங்குவது, தனியாகக் கூப்பிட்டு எப்படிக் கண்டிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அவனுக்கு முன்னால் இருந்தவன் கத்தினான், அவனும் கத்துகிறான். 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்கள் இருக்கும் தொழிற்சாலை மாதாமாதம் எச்.ஆர்.டி. கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டு அமைப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகிறது, பயிற்சிக்கு அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கலாம். பல இடங்களில் அது ஆபீஸ்காரர்களின் போர்ட்டிக்சன் ஹோட்டல் பயிற்சிக்கே போய்விடுகிறது. அதில் ஒரு பகுதியைக் கீழே திருப்புங்கள். லைன் லீடர்களை இரண்டு நாள் உட்கார வைத்து, அவர்களுக்குப் புரிகிற மொழியில், அவர்கள் லைனில் நடந்த சம்பவங்களையே வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

பந்திங், ஓலாக் லெம்பிட், கேரித் தீவு வட்டாரத்தில் சின்னத் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள், இந்த லெவியை எப்படிக் கோருவது என்று தெரியாமல் விட்டிருந்தால் எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு நேரம் இருக்கும், உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.