அது ஆசை இல்லை, வேட்கை

விசாக தினம் நெருங்கினால் போதும், நம் வாட்சாப் குழுக்களில் "ஆசையே துன்பத்துக்குக் காரணம் – புத்தர்" என்று வாழ்த்து வந்து குவியும். பக்கத்தில் தொப்பையும் சிரிப்புமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாசகம் அரைகுறை. படமோ வேறு ஆளுடையது.

படத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தத் தொப்பைக்காரர் பூதாய், 10ஆம் நூற்றாண்டில் மூட்டையும் கையுமாகத் திரிந்த சீனத் துறவி என்பார்கள். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரே அப்படி வந்தார் என்பது சீனர் நம்பிக்கை. புத்தரான கௌதமர் வேறு. லும்பினியில் பிறந்தார், புத்தகயையில் ஞானம் பெற்றார், சாரநாத்தில் ஐந்து பேருக்கு முதல் உரை சொன்னார், 80 வயதில் குசிநகரில் மறைந்தார்.

வாசகம்தான் வம்பு. பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்களில் இருக்கும் சொல் 'தண்ஹா'. தாகம் என்று பொருள். அதில் மூன்று வகை: புலன் இன்பத் தாகம், 'இப்படி ஆகணும், இருந்துகொண்டே இருக்கணும்' என்ற தாகம், 'இல்லாமலே போய்விடணும்' என்ற தாகம். நல்லதைச் செய்ய விரும்புவதற்கு 'சந்த' என்று தனிச்சொல் உண்டு (சங்கத்துக்குக் கட்டும் சந்தா அல்ல). நல்முயற்சிக்கு அது தேவை என்றே பாலி நூல்கள் சொல்கின்றன. இரண்டையும் 'ஆசை' என்று ஒரே மூட்டையில் கட்டியதால்தான், "அப்போ சம்பளம் வேணாமா, பிள்ளைகுட்டி வேணாமா?" என்று கேட்கிறோம்.

எரிச்சல் என்னவென்றால், சரியான சொல் நம்மிடமே இருந்தது: வேட்கை. மணிமேகலை 12 சார்புகளை, அதாவது ஒன்றைச் சார்ந்து அடுத்தது வந்து துன்பத்தில் முடியும் சங்கிலியின் கண்ணிகளை, வரிசையாக அடுக்குகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். நடுவிலுள்ள நான்கை மட்டும் பாருங்கள். கண்ணில் ஒன்று படுவது ஊறு. அது இதமாகவோ உறுத்தலாகவோ இருப்பது நுகர்வு. இதுவரைக்கும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். 'இன்னும் வேணும்' என்று மனம் பாய்ந்தால் வேட்கை. 'என்னுடையது' என்று இறுகினால் பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள இடுக்கில்தான் சங்கிலி அறுபடும். தியான வகுப்புக்குப் போகிறவர்கள் தவறுவதும் இங்கேதான். எந்த உணர்ச்சியும் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவார்கள். கால் மரத்துப்போவது நுகர்வு, அது வரத்தான் செய்யும். 'மணி எப்போ அடிக்கும்?' என்பது வேட்கை. முன்னதைப் பார்த்துக்கொண்டே பின்னதுக்குத் தாவாமல் இருந்தால் அதுவே பயிற்சி.

'பௌத்தம் சீனர் மதம்' என்று தள்ளிவைப்பது நம் இன்னொரு பழக்கம். கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எடுத்தான். அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தவன் ராஜராஜ சோழன். லெய்டன் செப்பேடு என்னும் சோழர் செப்பேட்டில் இந்தக் கொடை தமிழிலேயே இருக்கிறது. கடாரம் என்பது பினாங்கிலிருந்து பாலம் தாண்டி வடக்கே போனால் வரும் நம் கெடாதான்.

பௌத்தத்தின் கிளைகளைப் புரிந்துகொள்ளப் பினாங்கில் ஒரு நாள் போதும். புலாவ் தீக்கூஸில் லோரோங் பர்மாவுக்குப் போங்கள். ஒரு பக்கம் 1803இல் தொடங்கிய பர்மியக் கோயில், எதிரே 1845இன் தாய்லாந்துக் கோயில், உள்ளே 33 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தர். இரண்டுமே தேரவாதம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சிங்களவர்கள் 1894இல் நிறுவிய விகாரையும் அதே கிளை. பாலி நூல்கள்தான் ஆதாரம், வேட்கை அற்று விடுதலை பெற்ற 'அரஹந்தர்' ஆவது இலக்கு, பிக்குவுக்கு (துறவிக்கு) 227 விதிகள். உச்சிப்பொழுதுக்குப் பின் உணவு கிடையாது என்பது அவற்றில் ஒன்று. கணக்குப்படி பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரவே 1 மணி தாண்டும். ஆனாலும் தானம் கொண்டுபோகிறவர்கள் பதினொன்றரைக்குள் போய்விடுங்கள், ஏனென்றால் பாத்திரத்தில் இட்டால் மட்டும் போதாது, அவர் சாப்பிட்டும் முடிக்கவேண்டும். பெண்கள் பிக்குவின் கையில் நேராகக் கொடுக்காமல் தட்டிலோ துணியிலோ வைப்பது தாய்லாந்து வழக்கம். தனக்கென்று கொல்லாத இறைச்சியை அவர் ஏற்கலாம்.

அதே பினாங்கில், ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி கோயிலில் கதையே வேறு. அது மகாயானம். அங்கே துறவிகள் முழுச் சைவம், நாம் கோழிக்கறியோடு போனால் அவமதிப்பு. கோயிலின் பெயருக்கே 'பேரின்பம்' என்று பொருள், அமிதாப புத்தரின் சுகாவதி என்னும் இன்ப உலகைக் குறிப்பது. தான் மட்டும் கரையேறாமல் எல்லா உயிரையும் ஏற்றிவிடத் துணிந்த போதிசத்துவர்தான் இங்கே நாயகர். 1930இல் முடிந்த கோபுரத்தைக் கீழிருந்து பாருங்கள்: அடி சீனம், நடு தாய்லாந்து, முடி பர்மா. மேலே 30.2 மீட்டர் வெண்கலத்தில் நிற்கும் போதிசத்துவர் குவான் யின், இந்தியாவில் அவலோகிதர் என்ற ஆண். சீனா போய்ப் பெண்ணானார். அந்த அவலோகிதரிடம்தான் அகத்தியர் தமிழைக் கேட்டுக் கற்றார் என்கிறது வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல். 'சீன அம்மன்' என்கிறோமே, அவருக்கும் நமக்கும் அவ்வளவு பழைய பழக்கம்!

திபெத்தின் வச்சிரயானம் மகாயானத்திலிருந்து கிளைத்தது. மந்திரமும் குருவின் தீட்சையும் அங்கே முதன்மை. தலாய் லாமா எல்லாப் பௌத்தர்களுக்கும் தலைவர் இல்லை, போப்பாண்டவர் கணக்கை இங்கே போடக்கூடாது.

கடைசியாக, தாய்லாந்துக் கோயில்களில் 'நான்கு முக புத்தர்' என்று நம் ஆட்கள் மாலை போடுகிறார்களே, அவர் புத்தரே இல்லை. பிரம்மா. நம் நான்முகன்தான், பேங்காக் வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்.