கடன் வாங்கியவனுக்கே கடன்

அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியில் திருப்பூர் திணறிக்கொண்டிருந்தபோது, 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்காக 20,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. கொடுத்தது சரிதான். ஆனால் செய்தியைப் படித்ததும் எனக்கு 2020தான் ஞாபகத்துக்கு வந்தது. வங்கி கடன் கொடுக்கும், திரும்ப வராவிட்டால் நூறு சதவீதமும் அரசு பொறுப்பு. அச்சு மாறவே இல்லை.

கொரோனா ஊரடங்கில், 2020 மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் என்று அறிவித்தார். பிறகு அது 4.5 லட்சம் கோடியாகி, 2022 பட்ஜெட்டில் 5 லட்சம் கோடியானது. அடமானம் கேட்கக் கூடாது, வங்கி வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முதல் ஒரு வருஷம் அசல் கட்ட வேண்டாம். இதனால் பிழைத்த கம்பெனிகள் நிறைய. சுமார் 14.6 லட்சம் கணக்குகள் வாராக்கடன் ஆகாமல் தப்பின என்று ஸ்டேட் பேங்க்கின் ஆய்வுப் பிரிவு 2023இல் கணக்குச் சொன்னது. அதில் எனக்குத் தகராறு இல்லை.

எனக்கு உறுத்துவது ஒரே ஒரு விதி. 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம்தான் புதுக் கடன்.

இதைக் கோவையின் கணபதி, பீளமேடு சந்துகளுக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நான் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். ஒருவரிடம் ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூணு ஆள். பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர். மெட்டீரியல் பார்ட்டியோடது, கூலி மட்டும்தான் இவருக்கு. லேத் ரெண்டும் பழசாக வாங்கியவை. சீட்டை எடுத்து, வீட்டு நகையை வைத்துப் புரட்டிய பணம். கரண்ட் அக்கவுண்ட் உண்டு, லோன் கிடையாது. பூஜ்யத்தில் 20 சதவீதம் எவ்வளவு?

பேங்க்கில் கேட்டீங்களாண்ணா என்றேன். "கேட்டேன் தம்பி. உங்களுக்கு லோனே இல்லியே, எதுக்கு மேல சேத்திக் குடுக்கறதுங்கறாங்க. கடன் இல்லாம இருந்தது தப்பாப் போச்சுங்கோ" என்று சிரித்தார்.

கடன் இருந்தவர்களிலும் இதே கதைதான். 20 லட்சம் சிசி லிமிட் (தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள வங்கி வைத்திருக்கும் கடன் வரம்பு) வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பயந்து 4 லட்சம் மட்டும் எடுத்திருந்தால் 80,000 ரூபாய். லிமிட்டை முழுசாக இழுத்து வைத்திருந்தால் 4 லட்சம். சிக்கனத்துக்கு இப்படி ஒரு பரிசு!

வேறு திட்டம் இல்லையா? இருந்தது. தொழிலாளர் பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் சேர்த்து 24 சதவீத பி.எஃப். தொகையைச் சில மாதங்கள் மத்திய அரசே கட்டியது. ஆனால் 20 பேருக்குக் குறைவாக ஆள் இருந்தால் பொதுவாக பி.எஃப். சட்டமே பொருந்தாது. மூணு ஆள் பட்டறை அங்கேயும் வெளியே. வேடிக்கை என்னவென்றால், அதே 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கு அடமானம் இல்லாமல் 10,000 ரூபாய் கடன் கொடுக்க ஒரு திட்டம் வந்தது. பழைய கடன் இல்லாதவருக்கும் கொடுக்க வழி தெரியும் என்றுதானே அர்த்தம்?

ஜெர்மனியில் வேலை நேரம் குறைந்தபோது, இழந்த சம்பளத்தில் பெரும்பகுதியை அரசு ஈடுகட்டியது. அமெரிக்காவில் ஆட்களை வேலையில் வைத்திருந்தால் கடனையே தள்ளுபடி செய்தார்கள். அதில் நடந்த மோசடியும் கொஞ்சமில்லை. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையில் வேலையே இல்லாதவனுக்குக் கடன் கொடுத்தால், அதை எதிலிருந்து கட்டுவான்? 2020 ஜூலையில் வாங்கியவருக்கு 2021 ஜூலையில் அசல் தவணை ஆரம்பம். இரண்டாம் அலை ஊரடங்கு அப்போதுதான் தளர்ந்திருந்தது. இரும்பு, தாமிரம், நூல் என்று எல்லா விலையும் ஏறிக் கிடந்தது. நூல் விலையைக் கண்டித்து 2021 நவம்பரில் திருப்பூர் ஒரு நாள் கடையடைத்தது. 2022 மே மாதம் மறுபடி ரெண்டு நாள் வேலைநிறுத்தம்.

யார் உண்மையிலேயே தொழில் செய்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதிகாரிகள் கேட்பது நியாயம்தான். என் பதில், ஈ.பி. சர்வீஸ் நம்பர். பட்டறைக்கு, தறிக் குடோனுக்கு, திருப்பூரில் நாலு பவர் டேபிள் போட்டுத் தைக்கிற யூனிட்டுக்கு எல்லாம் தொழிலுக்கான டேரிஃப் இருக்கிறது. விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட் இலவசம் என்றிருந்ததை 2023இல் 1,000 ஆக்கியபோது, சோமனூரிலும் பல்லடத்திலும் யாரும் பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்கவில்லை. மீட்டரைப் பார்த்துக் கழித்துக்கொண்டார்கள். முந்தின ரெண்டு வருஷ ரீடிங்கை எடுத்தால் யார் ஓட்டினார், யார் சும்மா ஷெட்டைப் பூட்டி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும். பில் ஒருவர் பெயரிலும் தொழில் வாடகைக்காரர் பெயரிலும் இருக்கும் சிக்கல் உண்டு. அதற்கு வாடகை ஒப்பந்தமும், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் போதும்.

பெரிய தொகைகூட வேண்டாம். பட்டறை மூடியிருக்கும் மாதங்களுக்கு, மெஷின் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய ஃபிக்ஸட் சார்ஜைத் தள்ளுபடி செய்து, வழக்கமாக ஓடும் யூனிட்டுக்குத் தக்கபடி ஒரு தொகையை நேரே அக்கவுண்டில் போடலாம். சனிக்கிழமை வாரச் சம்பளம் போட அது உதவும். திருப்பூருக்காக இப்போது பேசுகிற சங்கங்கள், எம்.பி.க்கள் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்கினால், காஜா பட்டன் அடிக்கிற, செக்கிங் எடுத்துச் செய்கிற சின்ன யூனிட்டுகளுக்கும் ஏதாவது போய்ச் சேரும்.

2020இல் அந்த 20 சதவீதம் கிடைத்தவர்கள், கேட்டும் கிடைக்காதவர்கள், என்ன நடந்தது என்று கீழே எழுதுங்க. பேங்க் பெயர் வேண்டாம்.